சுறாநாட்டு வழக்கப்படி ஒரு சொம்பு கடல்தண்ணி

கடலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, கடலுக்கடியில் இரண்டு ராஜ்யங்களை ஒரு வருடம் ஆண்டவள் நான். இதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. முதன்முதலாக ஒப்புக்கொள்ள நேர்ந்தபோதுதான் ஒரு பஸ் நிறைய ஆட்கள் சுற்றி நின்றார்கள்.

எழுபதுகளின் நடுவில் எனக்குப் பதினெட்டு வயது. மீனாட்சிபுரத்திலிருந்து பெருமாட்டிப் பக்கம் போகிற வழியில் எங்கள் தென்னந்தோப்பு. சித்தூர்க் கல்லூரியில் ப்ரீ டிகிரி இரண்டாம் வருடம். கேரளத்தில் இருக்கிறோம் என்று பேர்தானே ஒழிய, எங்கள் ஊரிலிருந்து கடலுக்குப் போக அரை நாள் பஸ். எங்களுக்குத் தண்ணீர் என்றால் வாய்க்கால். வாய்க்கால் என்றால் சண்டை.

என்னுடைய கடல் எங்கள் தோப்புக் கிணறு. கல்படி வைத்த பெரிய கிணறு அது. நடுமத்தியானம் வெயில் நேர்க்குத்தாக இறங்கும்போது தண்ணீர் பச்சையாகி, அப்புறம் பச்சையும் போய், அடிவரைக்கும் கண்ணாடியாகிவிடும். கடைசிப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு பார்த்தால் அடியில் ஒரு வாசல் தெரியும். பாறையின் நிழல்தான். ஆனால் எனக்கு அது வாசல். அதற்குள் யாரோ நடமாடுகிறார்கள், விளக்கு அசைகிறது, பட்டு உரசுகிறது. அம்மா சோறுண்ணக் கூப்பிடும் குரல் மேலே எங்கேயோ வேறொரு உலகத்திலிருந்து வரும். நான் பதில் சொல்ல மாட்டேன். (அம்மா நேரில் இறங்கி வந்து தலையில் ஒரு குட்டு வைத்ததும் ராஜ்யம் கலைந்துவிடும்.)

அந்த வாசல் வழியாகத்தான் சங்குமதி வந்தாள். பவளநாட்டு இளவரசி. கூந்தல் அவளைவிட இரண்டு முழம் நீளம். அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் நீந்தவே ஏழு மீன்களுக்குச் சம்பளம் உண்டு. அவள் மனதைப் பறிகொடுத்தது எதிரி நாடான சுறாநாட்டின் இளவரசன் திமிங்கிலவர்மனிடம். (சுறாநாட்டுக்காரனுக்கு எதற்குத் திமிங்கிலத்தின் பேர் என்று கேட்காதீர்கள். பதினெட்டு வயதில் இதெல்லாம் தோன்றாது.)

இதை எழுதி வைத்துப் பெட்டியில் பூட்டியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் எனக்கு ஓர் அண்ணன் இருந்தார்.

அண்ணன் துரைசாமி, ஊரார் அறிய, தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையில் அவர் பார்த்துக்கொண்டது 'கணவாய்க் காற்று' என்ற கையெழுத்துப் பத்திரிகையை. மாதம் ஒன்று. உலகத்திலேயே ஒரே ஒரு பிரதி. கதை, கவிதை, படம் எல்லாம் கையாலேயே எழுதி வரைந்து, பழுப்புக் காகித அட்டை போட்டுத் தைத்து, சைக்கிளில் வீடு வீடாகச் சுற்றுக்கு விடுவார். ஒரு வீட்டுக்கு ஒரு நாள். கடைசியில் நாலு பக்கம் வெறுமையாக இருக்கும். வாசகர்கள் அதில் அபிப்பிராயம் எழுத வேண்டும். பெரும்பாலும் 'நன்று', 'மிக நன்று', எப்போதாவது 'இந்தப் பக்கத்தில் சாம்பார் சிந்தியது நாங்கள் அல்ல'.

ஒரு நாள் அண்ணன் அம்மாவிடம் புலம்பிக்கொண்டிருந்தார். "தொடர்கதை எழுத ஒருத்தனும் கெடைக்கறதில்லீங்மா. தொடர்கதை இல்லாத பத்திரிகை எத்தன நாளைக்கு நிக்கும்?"

அடுத்த வாரமே, 'கடலரசன்' என்ற புனைபெயரில், சித்தூர் தபால் முத்திரையோடு, 'நீலாழி இளவரசி' முதல் அத்தியாயம் அவர் கைக்கு வந்தது. என் எழுத்தைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று இடது கையால் எழுதியிருந்தேன். ஒவ்வொரு எழுத்தும் அலையில் அடித்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அண்ணன் பூரித்துப் போனார். "எழுத்தைப் பாரு கமலம். பெரிய பெரிய மனுசங்க எழுத்து இப்படித்தான் கோணலா இருக்கும். இவரு மெட்ராஸ்ல துறைமுகத்துல பெரிய ஆபீசராட்ட இருக்குது. சித்தூருக்கு ஏதோ சோலியா வந்துட்டுப் போறாரு."

"இருக்கும்ங்ணா" என்றேன். (சோலியாகப் போய்வந்தவள் அவருக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.)

தொடர்கதை பிடித்துக்கொண்டது. இப்போது அதை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. கடலுக்கடியில் எல்லாரும் விடியற்காலையில் எழுந்து கடல்பசுவில் பால் கறந்தார்கள். மாசி மாதம் வெயில் அடித்தது. பவளநாட்டுக்கும் சுறாநாட்டுக்கும் பரம்பரைப் பகை வந்ததற்குக் காரணம், சுறாநாட்டான் மடையை அடைத்துப் பவளநாட்டுக்குத் தண்ணீர் விடாததுதான். ஆம், கடலுக்குள்ளே தண்ணீர்ப் பஞ்சம். அண்ணன் உள்பட ஒருவருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

ஒரே ஒருவருக்குத் தெரிந்தது.

மூன்றாவது இதழ் சுற்றி முடிந்து வீட்டுக்கு வந்தபோது அபிப்பிராயப் பக்கத்தில் பொடிப் பொடியான, அழகான எழுத்தில், பச்சை மையில், நாலு வரி இருந்தது: 'கடலுக்குள் தண்ணீர்ப் பஞ்சம் எப்படி வரும்? கடல்பசுவில் தண்ணீருக்குள்ளேயே பால் கறந்தால் பாலும் தண்ணீரும் கலந்துவிடாதா? (எங்கள் ஊரில் அதைத் தரையிலேயே செய்கிறார்கள்.) இளவரசி அழுதாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கடலுக்குள் அழுதால் யாருக்குத் தெரியும்? - ஒரு வாசகன்.'

எனக்குக் காது சூடாகிவிட்டது. இரண்டு நாள் அந்தப் பச்சை மைக்காரனை மனதுக்குள் சுறாவுக்கு இரையாகப் போட்டேன். மூன்றாம் நாள் கிணற்றுப் படியில் உட்கார்ந்திருந்தபோது பதில் வந்தது. அடுத்த அத்தியாயத்தில் சங்குமதியின் தோழி சொன்னாள்: 'நம் நாட்டில் கண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அழுகிறவளைச் சுற்றித் தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாகும். பக்கத்தில் வந்து நிற்கிறவனுக்கு மட்டும் தெரியும்.'

அந்த மாதம் பச்சை மையில் ஒரே வரிதான்: 'இதைப் படித்துவிட்டு நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.'

அவ்வளவுதான். நான் விழுந்துவிட்டேன். அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் ஊருக்காக அல்ல, அந்த நாலு பக்கத்துக்காக. அவர் கேட்பார், நான் அடுத்த அத்தியாயத்தில் பதில் சொல்வேன். கடலடியில் விளக்கு எப்படி எரியும்? பழைய நிலா வெளிச்சத்தைச் சிப்பிகளில் மூடி வைத்துத் திறப்பார்கள். அங்கே மழை உண்டா? உண்டு, மேலே படகில் போகிறவர்கள் பாடினால் அது மழையாக இறங்கும். மாதம் ஒரு கேள்வி, மாதம் ஒரு பதில். திமிங்கிலவர்மனின் முறுக்கு மீசை மெல்ல மெல்லக் காணாமல் போனது. அவன் வாளை வைத்துவிட்டு, இளவரசியிடம் கேள்வி கேட்கிறவனாக மாறினான். கல்லூரி பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கணவாய்க் காற்று முகத்தில் அடிக்க, பனைமரங்களெல்லாம் நீருக்குள் அசைகிற பாசியாகத் தெரியப் போய்வந்தேன். இரண்டு தடவை இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போய் நடந்து வந்தேன்.

சரி, ஆள் யார்? துப்பறிந்தேன். அட்டையின் உள்பக்கம் சுற்றுக்குப் போகிற இடங்களின் பட்டியல் இருக்கும். அதில் ஒன்று 'மாட்டாஸ்பத்திரி'. ஊரில் பச்சை மையில் எழுதுகிறவர் ஒரே ஒருவர்தான், கெஜட்டட் ஆபீசரான மாட்டு டாக்டர். சமீபத்தில் மாற்றலாகி வந்தவர். உயரம், சுருட்டை முடி, வெள்ளைச் சட்டை. எங்கள் செவலைக்கு வயிறு உப்பியபோது ஒரு தடவை வந்து பார்த்தார். ஜன்னல் வழியாக நானும் பார்த்தேன். திமிங்கிலவர்மனுக்கு அன்றே சுருட்டை முடி வந்துவிட்டது.

டாக்டர் மலையாளி. திருச்சூர்க்காரர். அவருக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. இதை யாரிடமாவது கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. துப்பறிகிறவள் யாரையாவது கேட்பாளா?

மாட்டாஸ்பத்திரியில் டாக்டரைத் தவிர இன்னொருவரும் இருந்தார். முருகையா. சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்து, மலைமேல் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை பழகி, எங்கள் ஊருக்குச் சினை ஊசி போட வந்தவர். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே ஓர் அறையில் தங்கியிருந்தார். சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து, சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, மாட்டின் பின்பக்கம் நின்று வேலையைப் பார்த்துவிட்டுக் கைகழுவிக்கொண்டு போவார். கைகழுவத் தண்ணீர் ஊற்றியதே இரண்டு மூன்று தடவை நான்தான். அந்த நிலையில் ஓர் ஆணின் முகத்தை எந்தப் பெண் பார்ப்பாள்? நான் பார்த்ததில்லை.

பத்திரிகைக்கு ஒரு வயது முடிந்தபோது அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. 'நீலாழி இளவரசி' படித்து ஊரே கடல்கடல் என்று கிடக்கிறது. ஆண்டு விழாவைக் கடற்கரையிலேயே வைத்தால் என்ன? ஒரு பஸ் பேசி, வாசகர் குடும்பங்களோடு பொன்னானிப் பக்கம் ஒரு நாள் போய்வருவது. இதழில் அறிவிப்பும் எழுதிவிட்டார்: 'எழுத்தாளர் கடலரசன் அவர்கள் எங்கிருந்தாலும் அன்று கடற்கரைக்கு வந்து நம்மைக் கௌரவிக்கும்படி வேண்டுகிறோம்.' அவருக்குப் போர்த்த ஜரிகை போட்ட பொன்னாடை வாங்கினார். பன்னிரண்டு இதழ்களையும் சேர்த்துப் பைண்டு செய்து, அதில் அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று துணியில் சுற்றி வைத்தார்.

பன்னிரண்டாவது இதழுக்கு நான் அனுப்பிய அத்தியாயம் இப்படி முடிந்தது: 'சுறாநாட்டில் பெண் தன் மனதை வாயால் சொல்வதில்லை. நீரை ஏந்திச் சென்று அவன் முன் நீட்டுவாள். அவன் பருகினால் சம்மதம். சங்குமதி நீட்டினாள். திமிங்கிலவர்மன் அவளைப் பார்த்தான். நீரைப் பார்த்தான்... தொடரும்.'

பச்சை மை எழுதியது: 'கடலுக்குள் நீரை எப்படி ஏந்துவது என்று கேட்க வந்தேன். கேட்கவில்லை. வேறொரு கேள்வி இருக்கிறது. கடலரசன் கடற்கரைக்கு வந்தால் நேரில் கேட்டுக்கொள்கிறேன்.'

நேரில்! மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா சம்மதித்ததற்குக் காரணம், அண்ணனோடு தங்காத்தா அத்தையும் வருவதுதான். அத்தை அப்பாவுக்கு அக்கா. அவர் கண்ணில் பட்டால் ஓடுகிற கோழிகூட நின்று சேலையைச் சரிசெய்துகொள்ளும்.

கோழி கூப்பிடப் புறப்பட்டோம். பெண்கள் முன்பக்கம், ஆண்கள் பின்பக்கம். பாலக்காட்டில் குடியிருந்த டாக்டர் அங்கே ஏறிக்கொண்டார். பத்திரிகை படிக்காவிட்டாலும் அண்ணன் மரியாதைக்காக அழைத்திருந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அவரோடு செட்டு முண்டு உடுத்திய அழகான ஒரு பெண்ணும் ஏறிப் பெண்கள் பக்கம் வந்து உட்கார்ந்தாள். தங்கச்சி என்று முடிவு செய்துகொண்டேன். (யாரும் சொல்லவில்லை. வேண்டியதை முடிவு செய்துகொள்வதில் நான் எப்போதும் கெட்டிக்காரி.) நாத்தனாராக வரப்போகிறவள் என்று அவளுக்கு ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்தேன்.

முன்மத்தியானத்தில் பஸ் ஒரு வளைவில் திரும்பியது. தென்னைகளுக்கு நடுவே வானம் தரைவரைக்கும் இறங்கியிருந்தது. வானம் என்றுதான் நினைத்தேன். பிறகு அது அசைந்தது.

இறங்கி மணலில் நடந்தோம். சூடு செருப்பைத் தாண்டி ஏறியது. என் கதையில் ஒரு தடவைகூடக் கடல் சத்தம் போட்டதில்லை. கிணறு சத்தம் போடாதல்லவா? இங்கே அது ஓயாமல் பேசியது. நான் எழுதியதை ஒவ்வொரு வரியாக எடுத்து, இல்லை, இல்லை என்று சொல்வது போல இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு பெரிய ஒன்று என்னிடம் பேசுகிறதே என்றிருந்தது. பாவாடை நனைய முழங்கால்வரை நின்றேன். அலை திரும்பும்போது காலடி மணலை உருவிக்கொண்டு போனது. யாரோ கீழே இருந்து கையைப் பிடித்து, வா வா என்று மெதுவாக இழுக்கிற மாதிரி. வெள்ளி வெள்ளியாக வெளிச்சம் கண்ணுக்குள் வந்து விழுந்தது. சத்தியமாக, அந்த நிமிடத்தில் நான் கமலவேணி இல்லை.

அந்த நிமிடத்தில்தான் திரும்பிப் பார்த்தேன். டாக்டர் தென்னை நிழலில் உட்கார்ந்து, அத்தை கொடுத்த புளிச்சோற்றை உண்டுகொண்டிருந்தார். காற்றில் சுருட்டை முடி பறந்தது. இனி சங்குமதிக்கு யோசிக்க நேரமில்லை.

முதலில் இரண்டு கையிலும் அள்ளினேன். நாலு அடி நடப்பதற்குள் ஒழுகிப் போயிற்று. மறுபடி அள்ளினேன், மறுபடியும் ஒழுகியது. மூன்றாவது தடவை புத்தி வந்து, அத்தையின் பித்தளைச் சொம்பை எடுத்து, அலையில் முக்கி, நிறைய மொண்டுகொண்டேன். கடல்நீர் உப்பு என்று பாடத்தில் படித்திருக்கிறேன். உப்பு என்றால் ரசத்தில் ஒரு கல் கூடிப்போகிற அளவு என்று நினைத்திருந்தேன்.

சொம்பை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி, மணலில் அன்னநடை நடந்து போய் டாக்டர் முன் நின்றேன். நீட்டினேன்.

புளிச்சோற்றில் அத்தை காரத்துக்குக் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. டாக்டருக்கு ஏற்கெனவே விக்கல் எடுத்திருந்தது. "ஓ, தேங்க்ஸ், தேங்க்ஸ்" என்று வாங்கி, அண்ணாந்து, மடக் மடக்கென்று ஊற்றிக்கொண்டார்.

பருகிவிட்டார்! சம்மதம்!

சம்மதம் சரியாக இரண்டு வினாடி நீடித்தது. பிறகு டாக்டரின் கண்கள் வெளியே வந்தன. அடுத்து புளிச்சோறு வந்தது. ஒரு நீண்ட வளைவாக வந்து அத்தையின் மடியில் இறங்கியது. "அய்யோ! உப்பு! உப்பு!" என்று அவர் மணலில் உருண்டார். செட்டு முண்டுக்காரி ஓடிவந்து அவர் தலையைத் தாங்கிக்கொண்டு, "எந்தா ஈ குட்டி என்றெ பர்த்தாவினு கொடுத்தது?" என்று அலறினாள்.

எனக்கு மலையாளம் நன்றாகவே தெரியும். பர்த்தா என்றால் புருசன்.

அத்தை கையில் அகப்பட்ட துணியை எடுத்து டாக்டரின் சட்டையைத் துடைத்தார். அது அண்ணன் கடலரசனுக்காக வாங்கி வந்த பொன்னாடை.

இது இவ்வளவோடு போயிருந்தால், புத்தி மட்டான பெண் தெரியாமல் கடல்தண்ணியைக் கொடுத்துவிட்டாள் என்று முடிந்திருக்கும். ஆனால் சுற்றி நின்றவர்கள் யார்? 'நீலாழி இளவரசி'யின் வாசகர்கள். நாற்பது பேரும் பன்னிரண்டாவது இதழைப் படித்துவிட்டு வந்தவர்கள். ஒரு பெரியம்மா மெதுவாகச் சொன்னார், "ஏனுங்க, இது சுறாநாட்டு வழக்கமல்லொ?"

எல்லார் வாயும் ஒரே நேரத்தில் 'ஓ' என்று திறந்தது. அந்த 'ஓ' இன்றுவரை என் காதில் இருக்கிறது. அதன் பக்கத்தில் கடல் சத்தம் ஒன்றுமே இல்லை.

அத்தை எழுந்தார். "அடப்பாவி துரைசாமி! கலியாணமான மனுசன்கிட்டப் போயி இவ சொம்ப நீட்டறாளே! எல்லாம் உன்ற பொஸ்தகம் பண்ணுன வேலை. எவனோ ஒரு தறுதல கண்டதயும் எழுதி அனுப்ப, நீயும் அதைய ஊடு ஊடாக் கொண்டுபோய்க் குடுத்துப் புள்ளைங்களக் கெடுத்து வெச்சிருக்கற. உங்கப்பங்கிட்டச் சொல்லி இவ காலேஜ நாளைக்கே நிறுத்தறனா இல்லியா பாரு!"

அண்ணனின் முகம் கறுத்துவிட்டது. அவரைத் திட்டியதைக்கூடப் பொறுத்திருப்பார். நாற்பது பேர் முன்னால் பத்திரிகையைச் சொன்னதைத் தாங்க முடியவில்லை. "அந்தாளு மட்டும் இங்க வரட்டும், கையைக் காலை ஒடிச்சுப் போடறேன்" என்றார். துணியைப் பிரித்தார். பன்னிரண்டு இதழ்களும் சேர்ந்த அந்தப் பைண்டு புத்தகம். "இதுனாலதானே? இந்தக் கடல்லயே போயித் தொலையட்டும்" என்று கையை ஓங்கிக்கொண்டு தண்ணீரை நோக்கிப் போனார்.

ஒரே பிரதி. அண்ணன் ராத்திரி பகலாகக் குனிந்து எழுதிய எழுத்து. என் சங்குமதி. கடைசிப் பக்கங்களில் பச்சை மை.

"வீசாதீங்ணா!" என்று கத்தினேன். "கடலரசன் நாந்தானுங்ணா! நாந்தான் எழுதுனேன்!"

அண்ணன் நின்றார். திரும்பினார். அப்புறம் சிரித்தார். அவர் மட்டும் அல்ல, எல்லாரும் சிரித்தார்கள். "நீயா? போ அம்முணி, போ. அந்தாளுக்கு மெட்ராஸ்ல உத்தியோகம்." சற்று முன்பு டாக்டர் மேல் ஆசைப்பட்டவள் என்று நம்பியவர்கள், கதை எழுதியவள் என்பதை நம்பவில்லை. மானம் போனதுகூட எனக்குப் பெரிதாகப்படவில்லை. இந்தச் சிரிப்புதான் சுட்டது.

ஈர மணலில் மண்டி போட்டு உட்கார்ந்து இடது கையின் விரலால் எழுதினேன். 'நம் நாட்டில் கண்ணீர்' என்று எழுதுவதற்குள் அலை வந்து அழித்துக்கொண்டு போனது. கொஞ்சம் மேலே ஏறி மறுபடி எழுதினேன். 'கண்ணுக்குத் தெரியாது.' ஒவ்வொரு எழுத்தும் கோணிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு. அண்ணன் குனிந்து பார்த்தார். ஒரு வருடமாக அந்தக் கோணல் எழுத்தை வரி வரியாகப் படித்துத் தன் கையால் அழகாகப் பெயர்த்தெழுதியவர் அவர்தானே. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பெல்லாம் நின்றது.

"ஏன் கமலம் எங்கிட்டச் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். கோபமாக அல்ல. அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

அப்போது பின்னால் இருந்து ஓர் ஆள் முன்னால் வந்தார். டாக்டரின் சட்டையை அலசிப் பிழிந்துகொண்டு வந்த முருகையா. பிழிந்த சட்டையைத் தென்னையில் தொங்கவிட்டார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். விரல் நுனியில் மை. பச்சை மை. (ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரை எழுதுகிறவர் அவர்தான்; டாக்டரின் மைக்கூட்டில்தான் பேனாவுக்கு ஊற்றிக்கொள்வார். இந்தச் சிறிய விவரம் துப்பறிந்தபோது எனக்குக் கிடைக்கவில்லை.)

அன்றுதான் முதன்முதலாக முகத்தைப் பார்த்தேன். கறுத்த, அமைதியான முகம். சிரிப்பை வாயில் வைக்காமல் கண்ணில் வைத்திருந்தார்.

"ஒரே ஒரு கேள்விதான் கேக்கணும்னு இருந்தேன்" என்றார். "அந்தத் திமிங்கிலவர்மன் தண்ணியக் குடிச்சானா, இல்லையா?"

சொம்பு கவிழாமல் மணலில் இருந்தது. டாக்டர் குடித்தது போக, பாதித் தண்ணீர் மிச்சம். முருகையா குனிந்து அதை எடுத்தார். அத்தை "அட, அட" என்றார். முருகையா ஒரே மூச்சில், முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல், கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்துக் காட்டினார்.

"குடிச்சிருப்பான்" என்றார்.

சொல்லிவிட்டு, மிக மரியாதையாகத் திரும்பி, நாலு எட்டு நடந்து, பிறகு ஓடினார். படகுக்குப் பின்னால் அவர் பட்ட பாட்டை எல்லாரும் கேட்டோம். திரும்பி வரும் வழியில் அவருக்காக மூன்று இடத்தில் பஸ் நின்றது. வெயில் தாழ்ந்து, ஆற்றோரமாகப் பஸ் போய்க்கொண்டிருந்தது. முன்பக்கம் அத்தைக்குப் பக்கத்தில் முள்மேல் உட்கார்ந்திருந்த நான், ஒவ்வொரு தடவை பஸ் நிற்கும்போதும், வெளியே சொல்ல முடியாத ஓர் ஆனந்தத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். உலகத்தில் வேறு எந்தப் பெண்ணுக்காவது ஒருவன் வாந்தியெடுக்கிற சத்தம் அத்தனை இனிமையாகக் கேட்டிருக்குமா, தெரியாது.

அத்தை சொன்ன சொல் தவறவில்லை. வீட்டுப் படியேறும் முன்பே அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். அப்பா அண்ணனைக் கூப்பிட்டு, "அப்படி என்னத்த எழுதியிருக்கறா, படி" என்றார். நாலு நாள் சாயங்காலம் அண்ணன் படித்தார், அப்பா கேட்டார், நான் கதவுக்குப் பின்னால் செத்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அந்தச் சுறாநாட்டான் மடைய அடச்சது அநியாயமப்பா. அதுக்கு ஒரு பஞ்சாயத்து வெச்சுட்டு, அப்பறமா அந்தப் பையன் தண்ணியக் குடிக்கோணும்." காலேஜைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் காலையில் நான் பஸ் ஏறினேன்.

பதின்மூன்றாவது இதழில் 'கமலவேணி' என்று என் பேரையே போட்டார் அண்ணன். வலது கையாலேயே எழுதினேன். பஞ்சாயத்தும் நடந்தது.

கதை முடிந்ததே ஒழிய, வீட்டில் முருகையாவுக்குச் சம்மதிக்க மூன்று வருடமாயிற்று. மறுத்தவர் தண்ணீருக்கு நியாயம் சொன்ன அதே அப்பாதான். அந்த மூன்று வருடத்தை எழுதினால் இது நகைச்சுவைக் கட்டுரையாக இருக்காது. அதனால் தாண்டிப் போகிறேன்.

கலியாணத்துக்கு டாக்டரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் நானே பாயச டம்ளரைக் கொண்டுபோய் டாக்டரிடம் நீட்டினேன். அவர் வாங்கக் கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் மனைவி டம்ளரைத் தான் வாங்கி, ஒரு வாய் குடித்துப் பார்த்து, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி அவரிடம் சொன்னார்: "உப்பில்லா, குடிச்சோளூ!" (உப்பு இல்லை, குடியுங்கள்.)

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் அத்தைக்கே புரையேறியது. அதிலிருந்து எங்கள் வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும், மாப்பிள்ளையோ மருமகளோ, குடிக்க எதைக் கொடுத்தாலும் யாராவது ஒருவர் முதலில் ஒரு வாய் குடித்துப் பார்த்து, 'உப்பில்லா, குடிச்சோளூ' என்று சொல்லித்தான் கொடுப்பார்கள்.

போன தை மாதம் பேரனுக்குப் பேசியிருக்கிற பெண் முதல் தடவையாக வீட்டுக்கு வந்தாள். காபியை வைத்துக்கொண்டு சடங்கு நடந்தது. "இது எதுக்குப் பாட்டி?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஆளுக்கொரு பக்கம் கதையைத் தொடங்கிவிட்டார்கள். மகள் சொன்ன கதையில் டாக்டர் மயங்கியே விழுந்தார். எண்பதைத் தொட்ட அண்ணனுக்குப் பதிலாக அவர் மகன் சொன்ன கதையில் அலை வந்து பஸ்ஸையே நனைத்தது.

கடைசியாக அந்தப் பெண் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "தாத்தா, நெசமாவே நீங்க அந்தத் தண்ணியக் குடிச்சீங்களா? எப்படி இருந்துச்சு?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, என்னை ஒரு தடவை பார்த்தார்.

"நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றார். "அன்னிக்கு அதுல உப்பே இல்ல."

நான் திருத்தவில்லை.